ரிவ்யூ செய்ய ஆள் வளர்ப்பது பற்றி: கட்டற்ற நிரல்மொழிகளின் மையக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

மூன்று நான்கு பேராக ஒரு நிரல்மொழியைச் சுமந்துகொண்டிருக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறோம். பங்களிப்பாளர்கள் தேவை என்று திட்டத்தின் முகப்பில் எழுதி வைத்திருக்கிறீர்கள். ஆட்களும் வருகிறார்கள். முதல் திருத்தத்தை அனுப்புகிறார்கள். பதில் இல்லாமல் ஐந்து வாரம் போகிறது. அதற்குள் அவருக்குத் தேர்வு வந்துவிடும், அல்லது வேலை மாறியிருக்கும், அல்லது ஆர்வம் வற்றியிருக்கும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அதைத் திறந்தால் மூலக் கிளை (திட்டத்தின் முதன்மை நிரல்) வெகுதூரம் போயிருக்கிறது. பத்து இடத்தில் பிறர் மாற்றங்களோடு மோதல். மூடிவிடுகிறீர்கள். எழுதியவர் திரும்பி வருவதில்லை.

எங்கள் கோரிக்கை ஒன்றே. நிரல் எழுத ஆள் தேடுவதைக் கொஞ்ச காலம் நிறுத்திவையுங்கள். பிறர் எழுதியதைப் படித்து, குறை சொல்லி, ஏற்கவோ திருப்பவோ தெரிந்தவர்களை, அதாவது ரிவ்யூ செய்பவர்களை, வளர்க்கத் தொடங்குங்கள்.

கணக்காகவே பார்க்கலாம். குழுவில் மூன்று பேர், ஆளுக்கு வாரம் 5 மணி நேரம், மொத்தம் 15 என்று வையுங்கள். வழுக்கள், வெளியீடு, பாதுகாப்பு அறிவிப்பு என்று 9 மணி நேரம் போனால் மிச்சம் 6. புதியவர் ஒருவரின் திருத்தத்தைப் படித்து, கருத்து எழுதி, அவர் மாற்றியதை மறுபடி படித்து ஏற்க, மூன்று சுற்றில் 2 மணி நேரமாவது ஆகும். ஆக வாரத்துக்கு 3 திருத்தம் முடியும். 5 வந்தால் வாரம் 2 தேங்கும். ஆண்டு முடிவில் 100க்கு மேல். இந்த நிலையில் கூவிக் கூவி ஆள் சேர்த்தால் தேக்கம்தான் கூடும். வந்தவர்களில் ஒருவரே ஒருவர் ரிவ்யூவுக்கு வாரம் 4 மணி நேரம் கொடுத்தால் கணக்கு நேராகிவிடுகிறது.

மொழித் திட்டத்தில் இது மற்ற மென்பொருளை விடக் கடினம் என்பது உங்களுக்குத் தெரியும். நிரலின் இலக்கணத்தைப் பிரித்தறியும் பார்சரில் ஒரு விதியை மாற்றினால் அந்த மொழியில் இதுவரை எழுதப்பட்ட எல்லா நிரலையும் அது தொடும். அதனால் எல்லாவற்றையும் அறிந்த இரண்டு பேர்தான் எதையும் ஏற்க முடியும் என்ற பழக்கம் தானாக வேரூன்றிவிடுகிறது. பிஎச்பிக்கு நடந்ததைப் பாருங்கள். 2021 மே மாதம் அதன் மையக் குழுவைச் சேர்ந்த ஒருவர் வெளிப்படையாகவே எழுதினார்: இரண்டே பேர் ஒரு நாள் காலை எழுந்து வேறு வேலை பார்க்கலாம் என்று நினைத்தால் போதும், மொழியை முன்னே கொண்டுபோகும் அறிவு திட்டத்திடம் இருக்காது என்று. இணையத்தின் பெரும்பகுதி ஓடும் மொழி அது. அதே ஆண்டு நவம்பரில், அதன் எஞ்சினை ஆழமாக அறிந்த நிகிதா போபோவ் எல்எல்விஎம் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர்கள் பலவற்றுக்கு அடித்தளமான திட்டம்) பக்கம் போகிறார் என்ற செய்தி வந்தது. பிஎச்பி அறக்கட்டளை அறிவிக்கப்பட்டதும் அந்த நவம்பரில்தான். பல நிறுவனங்கள் சேர்ந்து பணம் போட வேண்டும் என்ற முடிவு, கூரை ஒழுகத் தொடங்கிய பிறகே வந்தது.

உங்கள் கூரையைச் சோதிக்க ஒரு மாலை போதும். ஒரு தாளில் லெக்சர் (நிரலைச் சொற்களாகப் பிரிப்பது), பார்சர், வகைச் சோதனை, பைட்கோடு உருவாக்கம், குப்பை சேகரிப்பி (பயன்படாத நினைவகத்தை விடுவிப்பது), நிலை நூலகம் (மொழியோடே வருவது), தொகுப்பு மேலாளர், ஆவணத் தளம், சோதனைச் சர்வர் என்று வரிசையாக எழுதுங்கள். டொமைன் பெயர் யார் பெயரில் இருக்கிறது, ஆண்டுக் கட்டணம் எந்த அட்டையில் போகிறது, வெளியீட்டில் கையொப்பமிடும் திறவுகோல் யாரிடம் என்பதையும் சேருங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு பெயர் எழுத வேண்டும்; முதலாமவர் இரண்டு மாதம் காணாமல் போனாலும் தனியாக ஒரு வழுவைச் சரிசெய்து வெளியிடக்கூடியவர்தான் இரண்டாமவர். பெரும்பாலான சிறு திட்டங்களில் குப்பை சேகரிப்பியும் டொமைனும் ஒரே பெயரோடு நிற்கும். புதியவரை எங்கே உட்காரவைக்க வேண்டும் என்பதை அந்தக் காலி இடங்களே சொல்லும்.

இனி, அவர் வாசலுக்கு வரும் முதல் ஒரு மணி நேரம். நிரல் முழுவதையும் வைத்திருக்கும் களஞ்சியத்தை இறக்கியதிலிருந்து ஒரு சோதனை பச்சையாக (வெற்றியாக) ஓடும் வரை 30 நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. ரஸ்ட் மொழியின் கம்பைலர் எல்எல்விஎம் மேல் நிற்கிறது. அதை வருகிறவர் ஒவ்வொருவரும் தம் கணினியில் கட்டியாக வேண்டும் என்றால், 8 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினி லிங்க் செய்யும் கட்டத்தில் திணறிப்போகும். எனவே சோதனைச் சர்வரில் ஏற்கெனவே கட்டி வைத்த எல்எல்விஎம்மை இறக்கிக்கொள்ள அந்தத் திட்டம் வழி செய்திருக்கிறது. அமைப்புக் கட்டளையை முதன்முறை ஓட்டும்போது, கம்பைலரில் வேலையா, நூலகத்திலா, ஆவணத்திலா என்று கேட்டு அதற்கேற்ற அமைப்பை எழுதியும் கொடுக்கிறது. உங்கள் மொழி சிறியதாக இருந்தாலும் இந்த எண்ணத்தை எடுத்துக்கொள்ளலாம்: ஆவணம் திருத்த வந்தவர் எதற்குக் கம்பைலர் கட்ட வேண்டும்?

எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதை நீங்களே ஊகிக்க முடியாது, ஏனென்றால் உங்கள் கணினியில் எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. திட்டத்தை இதுவரை தொடாத ஒருவரிடம் வெறும் கணினியைக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, வாய் திறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். பட்டியலில் சொல்லாத ஒரு நூலகப் பதிப்பு, விண்டோஸில் இடைவெளி உள்ள கோப்புப் பாதை, கணினியின் நேர மண்டலமோ மொழி அமைப்போ வேறாக இருந்தால் உடையும் தேதிச் சோதனை, இணையம் இல்லாவிட்டால் விழும் சோதனை என்று நான்கைந்து கட்டாயம் கிடைக்கும். இதில் கடைசி இரண்டும் மிகக் கெடுதல். எதையும் மாற்றாமலேயே நான்கு சோதனை சிவப்பாக வந்தால், தான்தான் எதையோ உடைத்துவிட்டோம் என்று புதியவர் நினைப்பார். கேட்கக் கூச்சப்பட்டுப் போய்விடுவார். இப்படி விழும் சோதனைகளை உடனே சரிசெய்ய முடியாவிட்டால், எந்தச் சூழலில் எது விழும் என்று வழிகாட்டியின் முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

அடுத்து, தொடக்க வேலைகள். 'எளிய வேலை' என்று ஒரு முத்திரை ஒட்டிவிட்டால் அது எளிதாகிவிடாது. எந்தக் கோப்பில் எந்தச் செயல்கூறு (ஃபங்ஷன்), இப்போது என்ன வருகிறது, என்ன வர வேண்டும், சோதனையை எங்கே சேர்ப்பது, இதே மாதிரி முன்பு செய்த திருத்தம் எது, யாரைக் கேட்பது: இத்தனையும் இருந்தால்தான் அது எளிய வேலை. இப்படி ஒன்றை எழுத அரை மணி நேரம் ஆகும், அந்த வழுவை நீங்களே திருத்தினால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அப்படியிருந்தும் திருத்தாமல் எழுதிவையுங்கள் என்றுதான் சொல்கிறோம். எடுத்துக்கொண்டவர் 14 நாள் அசையாவிட்டால் வேலை தானாக விடுபட்டு அடுத்தவருக்குப் போக வேண்டும். வேலையை எடுத்துக்கொள்ள ரஸ்ட் களஞ்சியத்தில் ஒரு பாட் (தானாக இயங்கும் நிரல்) இருக்கிறது. புதியவர் ஒரு வரி எழுதினால் வேலை அவர் பெயருக்கு மாறும், உரிமை எதுவும் முன்கூட்டித் தர வேண்டியதில்லை.

பார்வைக்கு எளிதாக இருந்து ஆளை விழுங்கும் வேலைகளும் உண்டு. தமிழ் அறிந்தவர்களுக்குப் பழக்கமான ஓர் இடத்திலிருந்தே சொல்கிறோம். 'தமிழ்' என்ற சொல்லில் கணினிக்கு 5 குறியீட்டுப் புள்ளிகள் (யூனிகோடு எண்கள்): த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 15 பைட். கண்ணுக்கு 3 எழுத்து. பைத்தானில் இந்தச் சொல்லை மாறியின் பெயராக வைக்கலாமா என்று கேட்டால் ஆம் என்னும். இது முழுக்க எழுத்துகளால் ஆனதா என்று கேட்டால் இல்லை என்னும், உயிர்க்குறியையும் புள்ளியையும் அந்தச் செயல்கூறு எழுத்தாக எண்ணாததால். அதே காரணத்தால் பைத்தானின் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (உரையில் வடிவம் தேடும் வசதி) 'சொல்லெழுத்து' குறியைக் கொண்டு தேடினால் அது 'தம', 'ழ' என்று துண்டாகும். முதல் பார்வையில் ஒரு வரித் திருத்தம். ஆனால் அந்தக் குறியின் பொருளை மாற்றினால் உலகெங்கும் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் நடத்தை மாறும். ஆகவே இது பல ஆண்டுகளாக அறிந்த சிக்கலாகவே இருந்துவருகிறது. இதைத் தொடக்க வேலை என்று ஒருவர் கையில் கொடுப்பது அவருக்குச் செய்யும் அநியாயம்.

ஆனால் இதே நிலத்தில் உண்மையான தொடக்க வேலைகள் கொட்டிக் கிடக்கின்றன. பிழைச் செய்தியில் தவறான இடத்தைச் சுட்டும் கூர்க்குறி, தமிழ் உள்ள வரியில் தள்ளிப்போய் விழுகிறதா? பைட்டை எண்ணுகிறீர்களா, குறியீட்டுப் புள்ளியையா, திரையில் தெரியும் எழுத்தையா? ஒகரக் குறியை ஒரே புள்ளியாகவும் உள்ளிடலாம், எகரக் குறியும் காலும் சேர்ந்த இரண்டு புள்ளியாகவும் உள்ளிடலாம். இரண்டும் ஒரே பெயராகத்தான் கொள்ளப்பட வேண்டும். பைத்தானும் ரஸ்ட்டும் பெயர்களை நியமப்படுத்தி (ஒரே வடிவுக்கு மாற்றி) இதைச் சரியாகச் செய்கின்றன. உங்கள் லெக்சர் செய்கிறதா என்று பார்க்க இருபது வரியில் ஒரு சோதனை போதும். 'ஔ' என்ற ஒற்றை எழுத்தையும் 'ஒ', 'ள' என்ற இரண்டு எழுத்தையும் எந்த நியமப்படுத்தலும் ஒன்றாக்காது, கண்ணுக்கு மட்டும் ஒன்றாகத் தெரியும். ௧ என்ற எண்ணும் க என்ற எழுத்தும் அப்படியே. இதற்கு ஓர் எச்சரிக்கைச் செய்தி எழுதுவது, புதியவர் ஒருவர் லெக்சரைக் கற்றுக்கொள்ள நல்ல வாசல். எழில் போல 'ஆனால்', 'இல்லை', 'பின்கொடு' என்று தமிழ்க் குறிச்சொற்களோடே இயங்கும் மொழிக்கு இவை அன்றாடத் தேவை. மற்ற நிரல்மொழிகளுக்கும், இந்தி, தாய், கெமர் பேசுவோர் உட்பட, பயனாளர்கள் இருக்கிறார்கள்.

ஆட்களை மொத்தமாக இழுத்துவரும் விழாக்கள் பற்றி ஒரு சொல். 2020 அக்டோபரில், கட்டற்ற திட்டங்களுக்குத் திருத்தம் அனுப்புவோருக்குப் பரிசு தந்த ஹேக்டோபர்ஃபெஸ்ட் விழாவின் டி-ஷர்ட்டுக்காக, அறிமுகக் கோப்பில் ஒரு சொல்லை மாற்றி அனுப்பிய ஆயிரக்கணக்கான கோரிக்கைகள் பராமரிப்பாளர்கள் தலையில் கொட்டின. அந்த மாதத் தொடக்கத்திலேயே விதியை மாற்றி, விரும்பிச் சேரும் களஞ்சியங்களுக்கு மட்டும் என்று ஆக்க வேண்டியதாயிற்று. பரிசு, சான்றிதழ், எண்ணிக்கை ஆகியவற்றுக்கு வருகிறவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. எண்ணிக்கையைக் கேட்டால் எண்ணிக்கைதான் வரும். கல்லூரி மாணவர்களைத் திட்டத்துக்குள் கொண்டுவர விரும்பினால், ஒரே நாளில் 60 பேரை அழைக்காமல், ஒரு பருவத்துக்கு 4 பேரை எடுங்கள். அந்த நால்வருக்கும் பெயர் சொல்லி ஒரு வழிகாட்டி இருக்கட்டும். செயற்கை நுண்ணறிவு எழுதித்தந்த திருத்தங்களுக்கும் இன்றே ஒரு விதி எழுதிவையுங்கள். சில திட்டங்கள் அடியோடு தடை செய்துள்ளன. ஜென்டூ லினக்ஸ் 2024 ஏப்ரலிலேயே அப்படி முடிவெடுத்தது. தடையோ அனுமதியோ உங்கள் முடிவு. எங்கள் பரிந்துரை: அனுப்புகிறவர் ஒவ்வொரு வரிக்கும் தன் வார்த்தையில் காரணம் சொல்ல முடியாவிட்டால் மேற்கொண்டு படிக்காமல் மூடலாம் என்று விதியில் எழுதுங்கள். எழுதுவது மலிவாகிவிட்ட காலத்தில் படிப்பவரின் நேரம் இன்னும் அரிதாகிறது.

திருத்தம் வந்த 72 மணி நேரத்துக்குள் ஒரு மனிதர் பதில் எழுத வேண்டும். முழு ரிவ்யூ தேவையில்லை. 'பார்த்தேன், இது பார்சர் பகுதி, வரும் சனிக்கிழமைக்குள் படிக்கிறேன்' என்றால் போதும். இடைவெளி, அடைப்புக்குறி, வரி நீளம் பற்றிய குறைகளை மனிதர் எழுதவே கூடாது. அதற்கு ஒழுங்குபடுத்தும் கருவியை ஓட்டிவிடுங்கள். எங்களுக்குத் தெரிந்து, புதியவரின் மனத்தை அதிகம் நோகடிப்பது மறுப்பு இல்லை. பன்னிரண்டு சிறு குறைகளை இரண்டிரண்டாக ஆறு நாளில் ஆறு முறை சொல்வதுதான். முதல் சுற்றில் வடிவம் சரியா என்று மட்டும் பாருங்கள், இரண்டாம் சுற்றில் விவரம். மூன்றாம் சுற்றிலும் நுணுக்கங்கள் மிச்சமிருந்தால் நீங்களே திருத்தி, அவர் பெயரிலேயே இணைத்துவிடுங்கள்.

மறுக்க வேண்டியதை விரைவாக மறுங்கள். புதிதாக வருகிறவர்களுக்குப் புதிய தொடரியல் சேர்க்கத்தான் ஆசை இருக்கும், இயல்புதான். அதைத் திருத்தங்களின் வரிசையில் விடாதீர்கள். பைத்தானில் மேம்பாட்டு முன்மொழிவு, பிஎச்பியில் ஆர்எஃப்சி என்று தனிப் பாதை இருக்கிறது. பிஎச்பியில் விவாதம் முடிந்து மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைத்தால்தான் மொழியில் மாற்றம். உங்களுக்கு இவ்வளவு சடங்கு வேண்டாம். என்ன சிக்கல், இன்றைய மொழியில் அதை எப்படிச் சமாளிக்கிறார்கள், எந்தப் பழைய நிரல் உடையும் என்ற மூன்று கேள்வி கொண்ட ஒரு பக்கம் போதும். மறுத்த முன்மொழிவுகளைக் காரணத்தோடு பாதுகாத்துவையுங்கள். அடுத்த ஆண்டு அதே யோசனையோடு இன்னொருவர் வருவார்.

இப்போது, எங்களுக்கு மிக முக்கியமாகப் படுவது. பங்களிப்பாளருக்கும் பராமரிப்பாளருக்கும் நடுவே பெரும்பாலான சிறு திட்டங்களில் படிகளே இல்லை. ஒருவர் வெளியே இருக்கிறார், அல்லது முழு அதிகாரத்தோடு உள்ளே இருக்கிறார். அதனால் யாரையும் உள்ளே விட அஞ்சுகிறீர்கள். படிகளைக் கட்டுங்கள். முதல் படி, வழுக்களைப் பிரிக்கும் உரிமை: முத்திரை ஒட்டலாம், மீண்டும் மீண்டும் வருவதை மூடலாம், நிரலைத் தொட முடியாது. பைத்தானின் முதன்மை வடிவமான சிபைத்தானில் இதற்கென்றே தனிக் குழு உண்டு. நல்ல திருத்தம் ஐந்தாறு தந்த எவருக்கும் இதைக் கொடுக்கலாம். தவறு நேர்ந்தாலும் ஒரு நிமிடத்தில் திரும்ப மாற்றிவிடலாம். இரண்டாவது படி, ரிவ்யூ: அவர் படித்துக் கருத்து எழுதுவார், இணைக்கும் பொத்தான் உங்களிடமே. அவர் எழுதிய கருத்தோடு உங்கள் கருத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். நீங்கள் கண்டதை அவரும் கண்டுபிடித்திருக்கிறாரா, நீங்கள் காணாததை எதையாவது கண்டாரா என்று பத்துத் திருத்தம் வரை பார்த்தால் முடிவெடுக்கலாம். மூன்றாவது, ஒரு பகுதியில் மட்டும் இணைக்கும் உரிமை. அந்தத் தாளில் காலியாக இருந்த இடத்தில் இப்போது அவர் பெயர் எழுதலாம்.

இதில் கெடுவது ஓரிடத்தில்தான். அவர் கேட்கட்டும் என்று நீங்கள் காத்திருப்பீர்கள், அவர்கள் கூப்பிடட்டும் என்று அவர் காத்திருப்பார். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது இன்னும் அதிகம்: பெரியவர்கள் இருக்கும் இடத்தில் தானாகப் பதவி கேட்பது மரியாதைக் குறைவு என்று வளர்ந்திருப்பார்கள். எனவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழுவாக உட்கார்ந்து, 'கடந்த மூன்று மாதத்தில் யார் இரண்டு முறைக்கு மேல் வந்தார்?' என்று பார்த்து நீங்களே அழையுங்கள். எந்தப் படிக்கு என்ன தகுதி, எப்படி முடிவெடுக்கப்படும் என்பதைப் பொதுவில் எழுதிவையுங்கள். பைத்தானில் மையக் குழுவுக்குள் ஒருவரைச் சேர்க்க மையக் குழுவின் வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்பது ஆட்சி ஆவணத்திலேயே இருக்கிறது.

வெளியீட்டு வேலையையும் இப்படியே கைமாற்ற வேண்டும். பிஎச்பியில் ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் ஏற்கெனவே செய்து பழகிய ஒருவரோடு புதியவர்களும் வெளியீட்டு மேலாளர்களாகச் சேர்கிறார்கள். அவர் பக்கத்தில் இருக்க, இவர்கள் கையால் செய்கிறார்கள். உங்கள் அடுத்த சிறு வெளியீட்டைப் புதியவர் கையால் செய்யட்டும், நீங்கள் விசைப்பலகையைத் தொடாதீர்கள். கைப்பட எழுதிய குறிப்பில் எந்தப் படி விடுபட்டிருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

லினக்ஸ் கணினிகளில் பரவலாகப் பயன்படும் சுருக்க மென்பொருளான எக்ஸ்இசட்டுக்கு நேர்ந்தது நினைவுக்கு வரும். வர வேண்டும். களைத்துப்போயிருந்த ஒரே பராமரிப்பாளர். 2021 இறுதியில் ஜியா டான் என்ற பெயரில் ஒழுங்கான திருத்தங்களோடு வந்த ஒருவர். ஏன் இவ்வளவு தாமதம், இன்னொருவரைச் சேர்த்தால் என்ன என்று 2022இல் திடீரென்று முளைத்து நெருக்கிய பெயர்கள். உரிமை கைமாறியது. 2024 பிப்ரவரியில் வந்த 5.6.0 பதிப்பில் பின்கதவு (கணினிக்குள் ரகசியமாக நுழையும் வழி) இருந்தது. எஸ்எஸ்எச் வழியே தொலைக் கணினியில் நுழைவது வழக்கத்தை விட அரை விநாடி தாமதமாவதைப் போஸ்ட்கிரஸ் தரவுத்தள நிரலர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் கவனித்துத் துருவியதால் 2024 மார்ச் 29 அன்று வெளியே வந்தது. இதைப் படித்துவிட்டு, புதியவர்களை உள்ளே விடவே கூடாது என்று முடிவெடுத்தால் அந்த நிகழ்வின் முதல் வரியை மறந்துவிட்டோம் என்று பொருள்: ஒரே ஆள், களைத்த ஆள். தனியாக நின்றவரைத்தான் நெருக்க முடிந்தது.

தொழில்நுட்பப் பக்கம் செய்ய வேண்டியவை தெளிவானவை. பின்கதவைத் தூண்டிவிடும் ஸ்கிரிப்ட் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுப் பொதியில் மட்டும் இருந்தது. கெட்ட நிரல், சோதனைக் கோப்பு என்ற பெயரில் பைனரியாக (மனிதர் படிக்க முடியாத வடிவில்) ஒளிந்திருந்தது. ஆகவே வெளியீட்டுப் பொதியை எவர் கணினியிலும் உருவாக்காதீர்கள். களஞ்சியத்தில் குறியிட்ட கமிட்டிலிருந்து (பதிவான மாற்றத்திலிருந்து) சோதனைச் சர்வரே உருவாக்கட்டும். இரண்டாம் ஒருவர் தனியாக உருவாக்கி ஒப்பிட்டு, பைட்டுக்குப் பைட் ஒத்தால்தான் கையொப்பம். பைனரிச் சோதனைக் கோப்புகளுக்கு அவற்றை உண்டாக்கும் நிரலும் கூடவே இருக்க வேண்டும். தன்னைத் தானே கம்பைல் செய்துகொள்ளும் மொழியாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை. தொடக்கக் கம்பைலர் பைனரியில் ஒளித்தது மூலநிரலில் எங்குமே தெரியாது என்று கென் தாம்சன் 1984இலேயே காட்டிவிட்டார். அந்தப் பைனரியைப் புதுப்பிக்க எப்போதும் இருவர் ஒப்புதல் வேண்டும்.

பிஎச்பியில் 2021 மார்ச் 28 அன்று, நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்ய அவர்களே நடத்திவந்த கிட் சர்வரில், மொழியை உருவாக்கிய ராஸ்மஸ் லெர்டார்ஃப், நிகிதா போபோவ் பெயர்களில் இரண்டு கெட்ட கமிட்டுகள் ஏற்றப்பட்டன. சில மணி நேரத்தில் பிடிபட்டன. பிடித்தது எந்தக் கருவியும் இல்லை. உள்ளே வரும் கமிட்டுகளை வழக்கமாகப் படித்துக்கொண்டிருந்த மனிதர்கள். அதன் பிறகு களஞ்சியம் கிட்ஹப்புக்கு மாறி, இரட்டை அடையாளச் சோதனை கட்டாயமானது. படிக்கும் கண்கள் அதிகமாக இருப்பதே பாதுகாப்பு என்பதற்கு இதை விட நேரான சான்று எங்களுக்குத் தெரியாது.

போகிறவர்களுக்கும் வழி வையுங்கள். 2018 ஜூலை 12 அன்று, ஒரு புதிய செயற்குறி பற்றிய கடும் விவாதத்துக்குப் பின், பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ரோசம் அதன் தலைமையிலிருந்து விலகினார். அடுத்து யார் என்று சொல்லாமலே. அடுத்த மாதங்களில் பல ஆட்சி முறை முன்மொழிவுகள் எழுதப்பட்டு, வாக்கெடுக்கப்பட்டு, 2019 தொடக்கத்தில் ஐந்து பேர் கொண்ட வழிநடத்தும் குழு தேர்வானது. ஒரே நிறுவனத்தில் வேலை செய்வோர் அதில் இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. பெர்ல் இப்போது மூன்று பேர் குழுவால் வழிநடத்தப்படுகிறது. பைத்தானுக்கு அந்தக் காலத்தைத் தாங்கும் ஆள்பலம் இருந்தது. மூன்று பேர் திட்டத்துக்கு இருக்காது. ஓராண்டு அசைவில்லாத பராமரிப்பாளரிடம் அன்பாகக் கேட்டு, அவர் பெயரை 'முன்னாள் பராமரிப்பாளர்கள்' பட்டியலுக்கு மாற்றி, உரிமைகளை எடுத்துவிடுங்கள். திரும்பி வந்தால் ஒரு மடலில் மீட்கலாம் என்றும் எழுதுங்கள். விட்டுவிட்ட கணக்கு திருடு போவதும் ஆபத்துதான். கிளம்புகிறவர் அறிந்ததை எழுதிவைக்கச் சொன்னால் எழுத மாட்டார், களைப்பில்தானே கிளம்புகிறார். புதியவர் ஒருவர் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டு எழுதட்டும், அவர் படித்துத் திருத்தட்டும். குப்பை சேகரிப்பி ஏன் இப்படி இருக்கிறது, முன்பு எந்த வழி சரிப்படவில்லை என்பதெல்லாம் அப்படித்தான் தாளுக்கு வரும்.

சுமையைக் குறைப்பதும் ஆள் சேர்ப்பதற்குச் சமம். பைத்தான் தன் நிலை நூலகத்தில் பராமரிப்பாரற்றுக் கிடந்த 19 தொகுதிகளை 3.11 பதிப்பில் கைவிடப்போவதாக அறிவித்து, 2024 அக்டோபரில் வந்த 3.13இல் நீக்கியது. உங்கள் தாளில் ஒரு பெயர்கூட எழுத முடியாத பகுதி இருந்தால் அதற்கும் இப்படி இரண்டு பதிப்பு அவகாசத்தோடு விடை கொடுக்கலாம்.

பணம் கிடைத்தால், புதிய வசதிக்குச் செலவிடாதீர்கள். புதிய வசதியை இலவசமாக எழுத ஆள் உண்டு. பழைய வரிசையைப் படிக்கத்தான் ஆள் இல்லை. பைத்தான் மென்பொருள் அறக்கட்டளை 2021இல் வூகாஷ் லங்காவை முழுநேரமாக அமர்த்தியபோது அவருக்குக் கொடுத்த வேலையில் பெரும்பகுதி தேங்கிய திருத்தங்களைப் படிப்பதும் தன்னார்வலர்களுக்கு வழிவிடுவதும்தான். இந்தியாவிலிருந்து பங்கு வர்த்தக நிறுவனமான ஜெரோதா 2024 அக்டோபரில் தொடங்கிய ஃப்ளாஸ் ஃபண்ட் ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை கட்டற்ற திட்டங்களுக்குத் தருவதாக அறிவித்தது. ஒரு திட்டத்துக்கு 10,000 முதல் 1 லட்சம் டாலர் வரை. விண்ணப்பத்தில் 'வாரத்துக்கு இத்தனை மணி நேரம் ரிவ்யூ' என்றே எழுதுங்கள். சம்பளம் பெறுபவர் எல்லாவற்றையும் தானே முடித்துவிட்டால் தன்னார்வலர்களுக்கு வேலையே மிஞ்சாது. ஆகவே தொடக்க வேலைகளை அவர் தொடக் கூடாது என்ற ஒரு வரியையும் ஒப்பந்தத்தில் சேருங்கள்.

அடுத்த வெளியீட்டுக் குறிப்பில் நிரல் எழுதியவர்களின் பெயர்களுக்கு முன்னால், ரிவ்யூ செய்தவர்களின் பெயர்களைப் போடுங்கள். அதற்கு முன், இன்று மாலையே, உங்கள் வரிசையில் மிகப் பழையதாகக் கிடக்கும் புதியவர் திருத்தம் ஒன்றைத் திறவுங்கள். தாமதத்துக்கு வருத்தம் சொல்லி, மோதல்களை நீங்களே தீர்த்துத் தருவதாக எழுதி, இன்னொருவர் அனுப்பிய திருத்தம் ஒன்றைப் படித்துக் கருத்துச் சொல்ல முடியுமா என்று அவரிடம் கேளுங்கள்.

நட்புடன்,
கட்டற்ற நிரல்மொழிகளில் பங்களிக்கும் தமிழர்கள் சிலர்